பட்டைத் தண்டு, பூவுக்குள் மொட்டு, பொடி இலை: மூன்றும் மியூட்டேஷனா?

சூரியகாந்தி ஒன்றின் தண்டு மேலே போகப் போக இடுப்புப் பட்டை மாதிரி தட்டையாகி, உச்சியில் இரண்டு பூத்தலைகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. ரோஜா ஒன்றில் பூவின் நடுவிலிருந்து பச்சைக் காம்போடு இன்னொரு மொட்டு கிளம்பியிருக்கிறது. கத்தரிச் செடி ஒன்று பூக்காமல், காய்க்காமல், சுண்டுவிரல் நகம் அளவு இலைகளாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ‘மூன்றும் ஒரே தோட்டத்தில் வந்திருக்கின்றன. இது மியூட்டேஷனா, மண்ணில் ஏதாவது கலந்துவிட்டதா, கதிர்வீச்சா? பிடுங்கிப் போட்டுவிடவா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கத்தரியை இன்றே வேரோடு பிடுங்கிவிடுங்கள். ரோஜாவும் சூரியகாந்தியும் இருக்கட்டும், அவற்றால் பக்கத்துச் செடிகளுக்கு ஆபத்து வர வாய்ப்பு மிகக் குறைவு. மூன்றுக்கும் பொதுவான காரணம் ஒன்று இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் ஒரு விசித்திரத்தைப் பார்த்ததும் கண் அடுத்ததைத் தேட ஆரம்பித்துவிடும். போன வருடமும் ஏதாவது ஒன்று கோணலாக வளர்ந்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

மியூட்டேஷன் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. செடி கோணலாக இருந்தாலே அதை மரபணுப் பிறழ்வு என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் பிறழ்வு என்பது டிஎன்ஏவில் ஏற்படும் மாற்றம், அது எப்போதும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஆய்வுக்கூடங்களில் அதிகம் வளர்க்கப்படும் அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடியில் இதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். அதன் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 13.5 கோடி டிஎன்ஏ எழுத்துகள். பெற்றோரிடம் இல்லாத புது எழுத்துப்பிழை ஒரு நாற்றுக்குச் சராசரியாக ஒன்றிரண்டு இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்கே தெரியாது. மறுபக்கம், கண்ணுக்கு விகாரமாகத் தெரியும் வளர்ச்சிகளில் பலவற்றில் டிஎன்ஏ மாறவே மாறியிருக்காது. பிழை எழுத்தில் இல்லை, வாசிப்பில்.

எந்த இடத்தில் வாசிப்பு தடுமாறுகிறது என்று தெரிந்தால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். ஒவ்வொரு தண்டின் உச்சியிலும், இளம் இலைகளுக்கு நடுவே, குவிந்த மேடு ஒன்று இருக்கிறது. தாவரவியலில் நுனி ஆக்குத்திசு என்பார்கள், நான் வளர்நுனி என்றே சொல்கிறேன். பல செடிகளில் இதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். தண்டு, இலை, பூ என்று தரைக்கு மேலே நீங்கள் பார்க்கும் எல்லாமே கடைசியில் இப்படிப்பட்ட மேடுகளிலிருந்து வந்தவை. மேட்டின் நடுவில் உள்ள செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும், ஓரத்துக்குத் தள்ளப்படுபவை இலையாகவோ பூவாகவோ மாறும். நடுவில் எத்தனை செல்கள் இருக்கலாம் என்பதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வூஷல் என்ற மரபணு ‘இன்னும் செல்கள் வேண்டும்’ என்று தூண்டும். அப்படி உருவான செல்களே க்ளாவாட்டா என்ற வேறொரு மரபணுக் குழுவின் வழியாக ‘போதும், நிறுத்து’ என்று திருப்பிச் சொல்லும். வேகம் கொடுக்க ஒன்று, பிரேக் போட ஒன்று.

பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டால் மேடு பெருக்கும். எல்லாப் பக்கமும் சீராகப் பெருத்தால் தண்டு தடிமனாகும். ஆனால் அது பெரும்பாலும் ஒரு திசையில்தான் நீளும். புள்ளியாக இருக்க வேண்டிய நுனி கோடாகிவிடும், கோட்டிலிருந்து வளரும் தண்டு பட்டையாகத்தான் இருக்கும். இதற்குப் பெயர் ஃபேசியேஷன். லத்தீனில் பட்டை, கச்சை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது.

உங்கள் சூரியகாந்தித் தண்டின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். நீளவாக்கில் வரிவரியாக மேடும் பள்ளமும் தட்டுப்படும். நாலைந்து தண்டுகளை அடுக்கி ஒட்டியது போலத் தோன்றும், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பூ முடிந்த பிறகு அதைக் குறுக்கே வெட்டுங்கள். தனித்தனித் தண்டுகள் ஒட்டியிருந்தால் உள்ளே வெள்ளை நெட்டி தனித்தனி வட்டமாக இருக்கும். ஒரே நுனி அகன்றிருந்தால் நெட்டி நீண்ட ஒற்றைக் கீற்றாகத் தெரியும். அநேகமாக இரண்டாவதைத்தான் பார்ப்பீர்கள்.

சரி, பிரேக் ஏன் தளர்ந்தது? இதற்கு ஒற்றை விடை கிடையாது. நுனி இளசாக இருக்கும்போது பூச்சி கடித்திருக்கலாம், பனியில் கருகியிருக்கலாம், மண்வெட்டி உரசியிருக்கலாம். வறட்சியில் நின்றுபோன செடிக்குத் திடீரென்று தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்திருக்கலாம். ரோடோகாக்கஸ் ஃபேசியன்ஸ் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. அது சைட்டோகைனின் வகை ஹார்மோன்களைச் சுரந்து செடியின் கணக்கைக் குழப்பும். தண்டின் அடியில், மண்ணை ஒட்டி, பூக்கோசு போலக் குட்டித் தளிர்கள் கொத்தாகப் பிதுங்கியிருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். அப்போது மட்டும் செடியை அப்புறப்படுத்திவிட்டு கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடையுங்கள். மற்றபடி ஒரு தோட்டத்தில் ஒரே செடியில், ஒரே தண்டில் வந்த பட்டைக்குக் காரணம் தேடி அலைவதில் பயனில்லை. காரணம் என்றோ நடந்து முடிந்திருக்கும், அதன் தழும்பைத்தான் இப்போது பார்க்கிறீர்கள்.

இது மரபாகவும் வரலாம். கோழிக்கொண்டைப் பூவைப் பாருங்கள். பல நிறங்களில் வெல்வெட் மாதிரி மடிந்து மடிந்து நிற்கும் அந்தக் கொண்டை, விதை வழியே நிலைபெற்றுவிட்ட ஃபேசியேஷன்தான். மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில் எடுத்துக்கொண்ட ஏழு பண்புகளில் ஒன்று, பூக்கள் தண்டு நெடுக வருகின்றனவா, உச்சியில் கொத்தாகத் திரள்கின்றனவா என்பது. உச்சியில் திரளும் அந்த வகை ஒரு பட்டைத்தண்டுப் பட்டாணி. மரபியலின் முதல் பக்கத்திலேயே நம் விசித்திரம் உட்கார்ந்திருக்கிறது.

இதைவிட நெருக்கமான சாட்சி தக்காளி. ஒரு சின்னச் செர்ரித் தக்காளியையும் ஒரு பெரிய, விலா விலாவாகப் புடைத்த தக்காளியையும் குறுக்கே வெட்டி, விதை இருக்கும் அறைகளை எண்ணுங்கள். சின்னதில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. பெரியதில் எட்டும் இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். காட்டுத் தக்காளிக்கு இரண்டுதான். பழம் பெருத்ததற்குப் பங்களித்த மரபணு மாற்றங்களில் இரண்டு, மேலே சொன்ன அதே வூஷல்–க்ளாவாட்டா ஏற்பாட்டில் நடந்தவை. அவற்றில் ஒன்றுக்கு மரபியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே ‘ஃபேசியேட்டட்’. பூவின் வளர்நுனி கொஞ்சம் அகன்றது, சூலகத்தில் அறைகள் கூடின, பழம் பெருத்தது. விகாரம் என்று யாரும் பிடுங்கி எறியவில்லை, விதை எடுத்து வைத்தார்கள். தக்காளியின் முதல் பூ சில சமயம் நாலு பூ சேர்ந்தது போல அகலமாக வந்து, கோணல்மாணலான பழமாகும். அது இதே கதைதான். பூ உருவாகும்போது குளிர் இருந்தால் இது அதிகம். அந்தப் பூவைக் கிள்ளிவிட்டால் அடுத்த கொத்து ஒழுங்காக வரும்.

கதிர்வீச்சைப் பற்றிக் கேட்டீர்கள். 2015-இல் ஜப்பானின் நசுஷியோபாராவில் எடுத்த ஒட்டுப்பூ டெய்சிப் படம் ஒன்று உலகம் முழுக்கச் சுற்றியது. 2011-இல் விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா அணு உலையிலிருந்து அந்த ஊர் சுமார் 110 கிலோமீட்டர். ‘கதிர்வீச்சு மலர்கள்’ என்று தலைப்புப் போட்டுப் பரப்பினார்கள். படத்தில் இருந்தது சாதாரண ஃபேசியேஷன். அணு உலையின் வாசனையே படாத இடங்களிலும் டெய்சி அப்படிப் பூக்கும், அணு உலைகள் கட்டப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இப்படிப்பட்ட செடிகளை வரைந்து வைத்திருக்கிறார்கள். கதிர்வீச்சு செடிகளில் பிறழ்வை உண்டாக்கும் என்பது உண்மைதான். 1928-இல் அமெரிக்க மரபியலாளர் ஸ்டாட்லர் பார்லியிலும் மக்காச்சோளத்திலும் எக்ஸ் கதிரால் அதைக் காட்டினார். அப்புறம் அந்த முறையிலேயே, வேண்டுமென்றே, ஏராளமான பயிர் ரகங்களை உருவாக்கினார்கள். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் சர்வதேச அணுசக்தி முகமையும் சேர்ந்து வைத்திருக்கும் பட்டியலில் பிறழ்வு வழி வந்த ரகங்கள் 3,000-க்கு மேல். ஆனால் கதிர்வீச்சு ஒரு செடியை மட்டும் பார்த்துப் பார்த்துத் தாக்காது. அது காரணமாக இருந்தால் நூறு செடிகளில் நூறு விதமான குறைகள் தெரியும்: முளைக்காத விதை, வெளிறிய நாற்று, மலட்டுப் பூ. சுற்றிலும் எல்லாம் நன்றாக இருக்க ஒரு தண்டு மட்டும் பட்டையானால் அது கதிர்வீச்சின் வேலை இல்லை.

அப்படியானால் நிஜமான மரபணுப் பிறழ்வு தோட்டத்தில் எப்படித் தெரியும்? பெரும்பாலும் அமைதியாக. பச்சைச் செடியில் திடீரென்று ஒரு கிளை மட்டும் வெள்ளைக் கோடு போட்ட இலைகளோடு வரும். சிவப்புப் பூச்செடியில் ஒரு கிளை மட்டும் ரோஜா நிறம் பூக்கும். சில சமயம் ஒரே இலையில் நடுநரம்பை எல்லையாக வைத்து ஒரு பாதி வெள்ளை, ஒரு பாதி பச்சை. அளவுகோல் வைத்துக் கிழித்தது போன்ற இந்த எல்லைதான் துப்பு. வளர்நுனியில் ஒரு செல்லில் மாற்றம் நடந்தது, அதன் வாரிசுகள் எல்லாம் ஒரு கூறாக வந்தன, அவ்வளவுதான். நோயால் வரும் வெளிறல் இப்படி எல்லை கட்டி நிற்காது. அது புள்ளியும் திட்டுமாகச் சிதறும்.

வளர்நுனியில் செல்கள் அடுக்கடுக்காக இருப்பதால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஓர் அடுக்கில் மட்டும் பிறழ்வு, மற்ற அடுக்குகள் பழையபடி என்று செடி இரண்டு மரபுகளைச் சுமந்துகொண்டு ஆயுள் முழுக்க வாழலாம். கைமேரா என்பார்கள். மஞ்சள் விளிம்பு போட்ட ஸ்நேக் பிளான்ட் வைத்திருப்பவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஓர் இலையைத் துண்டாக்கி மண்ணில் செருகினால் சில மாதங்களில் குட்டி வரும், ஆனால் அதில் மஞ்சள் விளிம்பு இருக்காது. நாற்றுப்பண்ணைக்காரர் ஏமாற்றிவிட்டதாக நினைத்து நானும் ஒரு காலத்தில் சண்டைக்குப் போகப் பார்த்தேன். விஷயம் என்னவென்றால், வெட்டிய இலையிலிருந்து புதுக் குருத்து உருவாகும்போது உள்ளே உள்ள பச்சை மரபு மட்டும் அதில் நுழைகிறது, மஞ்சள் மரபு வெளியே நின்றுவிடுகிறது. அதே செடியின் கிழங்கைப் பிரித்து நட்டால் குருத்து ஏற்கெனவே முழு அடுக்கோடு இருப்பதால் விளிம்பு அப்படியே வரும்.

இப்படி ஒரு கிளையில் மட்டும் வந்த மாற்றத்தை ஒட்டுக்கட்டிப் பெருக்கியதால் வந்தவை நிறைய. பீச் மரத்துக் கிளையில் திடீரென்று ரோமமில்லாத நெக்டரைன் காய்ப்பதை டார்வின் 1868-லேயே பல உதாரணங்களோடு எழுதியிருக்கிறார். நேவல் ஆரஞ்சைப் பாருங்கள். அடியில் தொப்புள் மாதிரி இருப்பது பழத்துக்குள் வளர்ந்த இன்னொரு குட்டிப் பழம். விதை கிடையாது. பிரேசிலின் பாஹியாவிலிருந்து வந்த கன்றுகள் 1870-களில் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்றும் உயிரோடு இருக்கிறது. விதையில்லாத மரத்துக்கு ஒட்டைத் தவிர வேறு வழியில்லை. உலகம் முழுக்க உள்ள நேவல் ஆரஞ்சு மரங்கள் அந்தப் பழைய மரபின் நகல்களும், நகல்களில் பின்னால் வந்த சில்லறை மாற்றங்களும்தான்.

ரோஜாவுக்கு வருகிறேன். பூவும் வளர்நுனியிலிருந்துதான் வருகிறது. ஆனால் இலைத் தண்டின் நுனி போல அது வளர்ந்துகொண்டே இருக்கக் கூடாது. புல்லி, இதழ், மகரந்தத் தாள், சூலகம் என்று நாலு வட்டங்களைப் போட்டுவிட்டுக் கடையை மூட வேண்டும். எந்த வட்டம் எதுவாக ஆகும் என்பதை ஏ, பி, சி என்ற மூன்று மரபணு வகுப்புகள் கூட்டாக முடிவு செய்கின்றன என்று 1991-இல் என்ரிகோ கோயனும் எலியட் மேயரோவிட்ஸும் விளக்கினார்கள். அதில் சி வகுப்புக்கு இரண்டு வேலை: உள்வட்டங்களை மகரந்தத் தாளாகவும் சூலகமாகவும் ஆக்குவது, நுனியை மூடுவது. அதன் பிடி தளர்ந்தால் தாள்கள் இதழ்களாகும், அடுக்குப் பூ கிடைக்கும்.

அடுக்குச் செம்பருத்தி ஒன்றை எடுத்து உள்ளிதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். வெளியே அகலமான இதழ். உள்ளே போகப் போகக் குறுகும். ஏதாவது ஓர் இதழின் ஓரத்தில், மடிந்த இடத்தில், மஞ்சள் மகரந்தப்பை ஒன்று கடுகு போல ஒட்டிக்கொண்டிருக்கும். இதழாவதா, தாளாவதா என்று முடிவெடுக்காமலேயே நின்றுபோன உறுப்பு அது. இதைப் பார்த்த பிறகு எந்தப் பாடப்புத்தகப் படமும் தேவைப்படாது.

உங்கள் ரோஜாவில் பூ போட்டாயிற்று, ஆனால் கடை மூடவில்லை. நுனி திறந்தே இருந்ததால் பூவைத் துளைத்துக்கொண்டு தண்டு மேலே போய் அடுத்த மொட்டை வைத்திருக்கிறது. இதழ் அதிகமுள்ள பழைய ரகங்களில் இது சகஜம். மொட்டு உருவாகும் நாட்களில் வெப்பநிலை தாறுமாறாக ஏறி இறங்கினால் அதிகம் வரும். ஜெர்மன் கவிஞர் கோத்தே 1790-இல் செடிகளின் உருமாற்றம் பற்றி எழுதியபோது இப்படிப்பட்ட ரோஜாவையும் கார்னேஷனையும் சாட்சிக்கு இழுத்தார். பூவின் உறுப்புகள் எல்லாம் மாறுவேடம் போட்ட இலைகள் என்பது அவர் வாதம். அடிப்படையில் அவர் சொன்னது சரி என்று இருநூறு வருடம் கழித்து மரபணுக்கள் சொல்லின. ரோஜாவை என்ன செய்வது என்றால், அந்தப் பூவுக்குக் கீழே ஐந்திலை உள்ள கணுவுக்கு மேல் வெட்டிவிடுங்கள். அடுத்த பூ சாதாரணமாக வந்தால் மறந்துவிடலாம். அதே செடி எல்லாப் பருவத்திலும், எல்லாக் கிளையிலும் இப்படியே பூத்தால் அது ரகத்தின் குணம். மாறாக, தளிர்கள் சிவந்து கொத்துக்கொத்தாக, தண்டு தெரியாத அளவு முள்ளோடு வந்தால் அது வேறு விஷயம். வட அமெரிக்காவில் ரோஸ் ரோசெட் என்ற வைரஸ் அப்படிச் செய்யும், கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன்தான் அதைச் சுமந்து செல்கிறது.

பூக்களின் விகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு. லினேரியா என்ற காட்டுச்செடியின் பூ, நாய்வாய்ப்பூ போல மேலுதடு கீழுதடு வைத்தது, பின்னால் ஒரே ஒரு வால். 1742-இல் ஸ்வீடனில் ஒரு மாணவர் கொண்டுவந்த செடியில் பூ குழாய் போல வட்டமாக, ஐந்து வாலோடு இருந்தது. தாவரவியலாளர் லின்னேயஸ் முதலில் யாரோ வேறு பூவை ஒட்டி ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தாராம். பிறகு ஆராய்ந்து 1744-இல் அதற்கு ‘பெலோரியா’ என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் பூதம் என்று அர்த்தம். இரண்டரை நூற்றாண்டு கழித்து, 1999-இல், இங்கிலாந்தில் அந்த வகைச் செடியின் மரபணுவை வாசித்தபோது எதிர்பார்த்த எழுத்துப்பிழை அங்கே இல்லை. பூவுக்கு மேல் கீழ் என்ற வித்தியாசத்தைக் கொடுக்கும் மரபணுவின் மேல் மெத்தில் என்ற வேதி முத்திரைகள் குவிந்து அதை வாயடைத்திருந்தன. முத்திரை தலைமுறைகளுக்கும் கடத்தப்படுகிறது. எப்போதாவது ஒரு கிளையில் அது கழன்றால் பழைய உதட்டுப் பூ திரும்பி வந்துவிடுகிறது. ஆக, எழுத்து மாறாமலேயே விகாரம் வாரிசுக்கும் போகலாம். மியூட்டேஷனா இல்லையா என்று ஒரு சொல்லில் பதில் கேட்பவர்களுக்கு நான் காட்டும் செடி இது.

இனி கத்தரி. இதுதான் நிஜமான நோய். தமிழில் சிற்றிலை நோய் என்பார்கள். ஃபைட்டோபிளாஸ்மா என்ற, செல்சுவர் இல்லாத, பாக்டீரியாவைச் சேர்ந்த நுண்ணுயிர், செடியின் சாறு ஓடும் குழாய்களுக்குள் குடியிருக்கும். 1967 வரை இதை வைரஸ் என்றே நினைத்திருந்தார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் குட்டை நோய் வந்த மல்பெரியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் இந்த உயிரி பிடிபட்டது. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் அறிகுறி தற்காலிகமாக அடங்குவதையும் அதே வருடம் கண்டார்கள். வைரஸ் என்றால் ஆன்டிபயாடிக்குக்கு அசையாது.

இது செய்யும் வேலை கொஞ்சம் திகிலானது. இந்த வகையில் நன்றாக ஆராயப்பட்ட ஒன்று சுரக்கும் எஸ்ஏபி54 என்ற புரதம், பூவை உருவாக்கும் புரதங்களைச் செடியின் சொந்தக் குப்பைத்தொட்டி ஏற்பாட்டைக் கொண்டே உடைத்துப் போடவைக்கிறது. பூ வர வேண்டிய இடத்தில் இலை வருகிறது. இதழ் பச்சையாகிறது. பக்க மொட்டுகள் தூக்கம் கலைந்து எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்ப, செடி துடைப்பம் போல ஆகிறது. அந்தப் புரதம் உள்ள செடியைத் தத்துப்பூச்சிகள் அதிகம் தேடி வருகின்றன என்பதும் சோதனையில் தெரிந்தது. அதே தத்துப்பூச்சிதான் நோயை அடுத்த செடிக்குச் சுமக்கிறது. செடிக்கு இனி விதை கிடையாது, நுண்ணுயிரின் வாகனத்துக்குத் தீனியாக மட்டும் நிற்கும். எள்ளில் பூவெல்லாம் பச்சை இலைக்கொத்தாவதும், நித்தியகல்யாணியில் இதழ் பச்சையாகிக் குருத்துப் போல நீள்வதும் இந்தக் குடும்பத்து வேலைதான். குணப்படுத்த வழியில்லை, அதனால்தான் பிடுங்கச் சொன்னேன். பிடுங்கும் முன் இலைகளைத் தட்டித் தத்துப்பூச்சிகளைப் பக்கத்துச் செடிக்குப் பறக்கவிடாதீர்கள். காலையில், குளிர்ச்சியாக இருக்கும்போது, ஒரு பையைக் கவிழ்த்து மூடிப் பிடுங்குவது நல்லது.

இதே ஃபைட்டோபிளாஸ்மாவை மனிதர்கள் தெரியாமலே விலைக்கு விற்றிருக்கிறார்கள். தொட்டியில் குட்டையாக, அடர்த்தியாகக் கிளைத்து நிற்கும் சிவப்பு பாயின்செட்டியாவின் அந்த அழகுக்குக் காரணம் ஒரு ஃபைட்டோபிளாஸ்மா தொற்று என்று 1997-இல் தெரியவந்தது. தொற்றை நீக்கினால் செடி நெடுநெடுவென்று கிளையில்லாமல் ஓடிவிடுகிறது.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் ‘விசித்திர வளர்ச்சி’ என்று என்னிடம் வரும் படங்களில் பாதி இதுதான்: களைக்கொல்லி. 2,4-டி போன்றவை ஆக்சின் ஹார்மோனைப் போல நடிப்பவை. காற்றில் துளி அடித்து வந்தாலே தக்காளி இலை நூலாகக் குறுகி, நரம்புகள் இணைகோடாகி, தண்டு முறுக்கிக்கொள்ளும். பார்த்தால் வைரஸ் என்றே தோன்றும். வித்தியாசம், பல இனச் செடிகள் ஒரே வாரத்தில், காற்று வந்த பக்கமாகப் பாதிக்கப்பட்டிருக்கும். சில களைக்கொல்லிகள் புல்லில் தெளிக்கப்பட்டு, மாட்டின் வயிற்றையும் தாண்டி, எருவிலும் வீரியத்தோடு இருக்கும். எருவின் மேல் சந்தேகம் இருந்தால் அதை மண்ணோடு கலந்து ஒரு தொட்டியில் நாலு அவரை விதை போடுங்கள், எருவில்லாத மண்ணில் நாலு. மூன்று வாரத்தில் முதல் தொட்டியின் இளம் இலைகள் மட்டும் குவளை போல மடிந்தால் விடை கிடைத்துவிட்டது.

அதற்கடுத்து சிலந்திப்பேன். மிளகாயில் நுனி இலைகள் ஓரம் கீழ்நோக்கி மடிந்து, தடித்து, அடிப்பக்கம் செம்பு நிறமாகப் பளபளத்தால் வைரஸ் என்று முடிவு கட்டாதீர்கள். மஞ்சள் முரணைச் சிலந்தி 0.2 மில்லிமீட்டர்தான் இருக்கும், வெறுங்கண்ணுக்குச் சிக்காது. நான் ஒரு தடவை பன்னிரண்டு மிளகாய்ச் செடிகளை வைரஸ் என்று பிடுங்கிவிட்டு, பதின்மூன்றாவதின் இலையைச் சும்மா லென்ஸில் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கக் கண்ணாடி மணி போல முட்டைகள். கந்தகத் தூளில் தீர்ந்திருக்கும். அந்தப் பன்னிரண்டு இன்னும் மனதில் உறுத்துகிறது.

தண்டின் அடியில் கரடுமுரடான கட்டி வந்தால் அது இன்னொரு வகை. அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா தன் டிஎன்ஏவில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செருகிவிடுகிறது. நாம் பேசியவற்றில் வெளியாளின் மரபணு உண்மையிலேயே உள்ளே நுழையும் ஒரே நிகழ்வு இதுதான். மனிதர்கள் மரபணு மாற்றுப் பயிர் செய்யக் கற்றுக்கொண்டதே இந்தப் பாக்டீரியாவைப் பார்த்து. சர்க்கரைவள்ளிக் கிழங்கில் அதன் மரபணுத் துண்டுகள் இயற்கையாகவே குடியேறியிருப்பதை 2015-இல் கண்டுபிடித்தார்கள்.

அடுத்த முறை ஏதாவது கோணலாக வளர்ந்தால் பெயரைத் தேடும் முன் அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு தண்டில் மட்டும் என்றால் காயமோ, கிளைப் பிறழ்வோ. முழுச் செடியும், அதே இனத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக என்றால் பூச்சி சுமந்த நோய். வெவ்வேறு இனங்கள் ஒரே நேரத்தில் என்றால் மருந்து அல்லது வானிலை. ஒரே பாக்கெட் விதையிலிருந்து வந்தவற்றில் பல என்றால்தான் மரபு.

சூரியகாந்திக்கு அந்தக் கடைசிச் சோதனையை நீங்களே செய்யலாம். பூத்தலை காய்ந்ததும் விதைகளைத் தனியாக எடுத்துப் பெயர் எழுதி வையுங்கள். அடுத்த பருவத்தில் ஒரு முப்பதைத் தனிப்பாத்தியில் போடுங்கள், பக்கத்தில் சாதாரணத் தலையிலிருந்து ஒரு முப்பது. சூரியகாந்தி அயல்மகரந்தம் ஏற்கும் செடி என்பதால், பிறழ்வாகவே இருந்தாலும் முதல் தலைமுறையில் ஒளிந்துகொள்ளலாம். அதனால் முதல் வருடம் எல்லாம் உருண்டைத் தண்டாக வந்தால் அந்தச் செடிகளிலேயே ஒன்றை வலைத்துணியால் மூடி, தன் மகரந்தத்தைத் தானே ஏற்கவைத்து, அந்த விதையையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். நான் நாற்பது விதை போட்டேன், இரண்டு தலைமுறை பார்த்தேன், ஒன்றுகூடப் பட்டையாகவில்லை. உங்களுடையதில் நாலில் ஒன்று பட்டையாக வந்தால் எனக்கும் பத்து விதை அனுப்புங்கள்.